இந்த வரிசையை முடிச்சிட்டு வாரேன்

அம்பலவாணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக மாடியில் ஓர் அறை கட்டினார். மனைவி சௌந்தரவல்லி உட்கார்ந்து தைப்பதற்காக.

வடக்குப் பார்த்து இரண்டு பெரிய ஜன்னல். கட்டில் அகலத்துக்குத் துணியை விரித்து வெட்ட ஒரு மேஜை. மோட்டார் வைத்த தையல் மெஷின். துணி அடுக்க நீளமான அலமாரி. முப்பத்து நான்கு வருஷம் சர்வேயராக ஊர் ஊராகப் போய் நிலம் அளந்தவர் அவர். அந்த அறையையும் அப்படியே அளந்து, வரைந்து, கொத்தனார் பக்கத்தில் நின்று கட்டி முடித்தார்.

எட்டு மாதம் ஆயிற்று. அந்த மேஜை மேல் மோர்மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது.

"தைக்கலையா?" என்று கேட்பார்.

"தைக்கணும்" என்பாள்.

"எப்போ?"

"பாப்போம்."

அதற்கு மேல் அவளிடமிருந்து ஒன்றும் வராது. காலையில் ஒரு தடவை மாடிக்குப் போய் அறையைப் பெருக்கிவிட்டு, மெஷின் மேல் தூசி தட்டிவிட்டு இறங்கிவிடுவாள்.

சௌந்தரவல்லி கல்யாணமாகி வரும்போதே ஊசியும் நூலுமாக வந்தவள். பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வாள். மகள் கோமதி தொட்டிலில் கிடந்தபோது அப்படிச் சின்னதாக மூன்று செய்தாள். கோமதிக்குப் பத்து வயதானபோது பெரிதாக ஒன்று ஆரம்பித்தாள். கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றாள்.

"ஒரு நாள் முழுசாக் கிடைச்சாப் போதும். ஒரே மூச்சுல பாதி முடிச்சிருவேன்" என்று அந்த நாட்களில் அடிக்கடி சொல்வாள்.

"நான் ரிட்டயர் ஆகட்டும் சௌந்தரம். அப்புறம் உனக்கு எல்லா நாளும் முழு நாள்தான்" என்பார் அம்பலவாணன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனதாரச் சொன்னார். சொன்னபடி செய்தும் விட்டார். நடுவில் கோமதிக்குக் கல்யாணம் ஆகி, அவள் மஸ்கட்டுக்குப் போய் நான்கு வருஷம் ஆகியிருந்தது. போர்வை முடியவில்லை. அது பற்றி வீட்டில் யாரும் பேசவும் இல்லை.

ஒரு நாள் காலை அவர் சட்டையை மாட்டிக்கொண்டு எஸ்தர் டீச்சரைப் பார்க்கப் போனார்.

எஸ்தர் டீச்சர் பாளையங்கோட்டையில் தன் வீட்டு முன்னறையிலேயே தையல் வகுப்பு நடத்துகிறவர். சௌந்தரவல்லி இரண்டு வருஷம் சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே போய்க்கொண்டிருந்தாள். பிறகு நின்றுவிட்டாள். டீச்சருக்கு நாற்பத்து மூன்று வயதுதான். அம்பலவாணனைவிடப் பதினெட்டு வருஷம் இளையவர். கணவர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை, வாரம் ஒருமுறை வருவார். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். உள்ளறையில் படுத்த படுக்கையாக மாமனார்.

"டீச்சர், நீங்க ஒரு தடவ வீட்டுக்கு வந்து அவகிட்டச் சொல்லணும்."

"என்னத்தச் சொல்லணும் சார்?"

"தைக்கச் சொல்லித்தான். இடம் இருக்கு. மெஷின் இருக்கு. நேரம் இருக்கு. தொந்தரவு பண்ண ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் உக்கார மாட்டேங்கா."

டீச்சர் கையிலிருந்த நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீங்க ஊசி பிடிச்சிருக்கீங்களா சார்?"

"பட்டன்கூடத் தைச்சதில்ல."

"ஒரு கட்டம் தைங்க. ஒம்பது துண்டு, கையாலதான். முடிச்ச அன்னைக்கு நான் உங்க வீட்டுக்கு வாரேன்."

"நானா?"

"நீங்கதான்."

"எனக்கு எதுக்கு டீச்சர் அது?"

"வேண்டாம்னா விட்டுருங்க."

அம்பலவாணன் யோசித்தார். ஒன்பது துண்டுத் துணி. மிஞ்சிப் போனால் இரண்டு நாள். ஒரு பெரிய குளத்தையும் அதன் கரைகளையும் பதினைந்து நாளில் அளந்து கையெழுத்துப் போட்டவர் அவர்.

"சரி" என்றார்.

டீச்சர் பீரோ மேலிருந்து ஒரு துணிப்பையை இறக்கி, உள்ளே கைவிட்டு ஒன்பது துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் பழைய துணி. ஆனால் ஒரே அளவாக, ஒரு நூல் பிசகாமல் வெட்டியிருந்தது.

மறுநாள் முதல் பத்தரை மணிக்குப் போனார். சௌந்தரவல்லியிடம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வகுப்புக்கு வரும் பெண்கள் நான்கைந்து பேர் முதல் இரண்டு நாள் அவரைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள்.

கையோடு ஒரு ஸ்கேல் கொண்டுபோயிருந்தார். டீச்சர் அதை வாங்கி ஜன்னலில் வைத்தார்.

"ஓரத்துல கால் இஞ்ச் விட்டுத் தைக்கணும். கண்ணால பாத்துக்கிடுங்க."

முதல் தையலை ஒரு மணி நேரம் தைத்தார். டீச்சர் வாங்கி, திருப்பி, பின்பக்கத்தைப் பார்த்தார்.

"பிரிச்சிருங்க சார்."

பிரித்தார். மறுபடி தைத்தார்.

"பிரிச்சிருங்க."

நான்கு நாளில் ஐந்து தடவை பிரித்தார். ஊசி குத்திக் குத்தி இடதுகைச் சுட்டுவிரல் தடித்துப்போயிற்று. விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, என்ன ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை, ஊசி தானாக ஓடியது. துணிக்குள் முங்கி, எழுந்து, முங்கி, எழுந்து, ஒரே சீராகப் போயிற்று. தெருவில் போகிற வண்டிச் சத்தம் காதில் விழவில்லை. முழங்கால் வலி நினைவுக்கு வரவில்லை. நிமிர்ந்தபோது மணி ஒன்றாகியிருந்தது. மற்றப் பெண்களெல்லாம் போய்விட்டிருந்தார்கள்.

பொழுது போனது தெரியாமல் ஒரு காரியத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். அன்றைக்கு அவர் முகத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும்.

"என்ன, சிரிச்சுக்கிட்டே வாரீங்க?" என்றாள் சௌந்தரவல்லி.

"ஒன்னுமில்ல" என்றார்.

அடுத்த வாரம் டீச்சரின் மாமனாருக்கு உடம்பு கொஞ்சம் கூடுதலாகப் படுத்தியது. டீச்சர் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். உள்ளேயிருந்து குரல் வரும்.

"சார், குக்கர் மூணு விசில் அடிச்சதும் அணைச்சிருங்க."

அணைத்துவிட்டு வந்து உட்காருவார்.

"சார், வாசல்ல கேஸ்காரர் நிக்காரு. கேட்டத் திறந்து விடுங்க."

திறந்துவிட்டு வருவார். ஊசி எங்கேயோ கிடக்கும். தேடி எடுத்தால் நூல் உருவியிருக்கும். கோர்த்து முடித்தால் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் தைத்துக்கொண்டு போனோம் என்பது மறந்திருக்கும்.

"சார், மாமாவோட கண்ணாடி மேஜை மேல இருக்கும். எடுத்துட்டு வந்திருங்க."

ஒரு நாள் அப்படி ஐந்து தடவை எழுந்தார். ஆறாவது தடவை குரல் வந்தபோது அவர் எழவில்லை.

"டீச்சர், ஒரு வரிசைய முடிக்க விடுங்க! ஒரே ஒரு வரிசை!"

அவர் குரல் அவருக்கே பெரிதாகக் கேட்டது. மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டீச்சர் ஈரக் கையோடு வெளியே வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அம்பலவாணனுக்கு ஏதோ உறைத்தது.

"எனக்குப் புரியட்டும்னுதான டீச்சர் இப்படிக் கூப்பிடுதீங்க?"

"எது புரியட்டும்னு?"

"அவளுக்கு எப்படி இருந்திருக்கும்னு."

டீச்சர் சிரித்துவிட்டார். "ஐயோ, இல்ல சார். மாமாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். கை ஒழியல. அதான் கூப்பிட்டேன்."

டீச்சர் சொன்னது நிஜம்தான். அது அம்பலவாணனுக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கை ஒழியாமல் அவர் ஒரு நாளும் யாரையும் கூப்பிட்டதில்லை. சாய்வு நாற்காலியில் பேப்பரை விரித்துக்கொண்டு கூப்பிடுவார். சௌந்தரம், என் கண்ணாடி எங்க. சௌந்தரம், யாரோ வந்திருக்காங்க பாரு. சௌந்தரம், அந்தப் பழைய மேப்ப எங்க வச்சே. உள்ளேயிருந்து "இதோ" என்று சத்தம் வரும். பின்னாலேயே அவள் வருவாள். ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தியதில்லை. அவள் தைத்ததை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறார். ஆனால் "இதோ" என்று சொல்லும்போது அவள் கையில் என்ன இருந்தது என்று ஒரு தடவைகூட அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று எல்லாரும் போன பிறகும் அவர் உட்கார்ந்திருந்தார். சுவரில் டீச்சர் தைத்த போர்வைகள் இரண்டு தொங்கின. பீரோவுக்குள் இன்னும் எத்தனையோ இருந்தன.

"உங்களுக்கு மட்டும் எப்படி டீச்சர் நேரம் கிடைக்கு?"

"கிடைக்காது சார்."

"பின்ன இதெல்லாம்?"

"திருடுதேன்."

"யார்கிட்ட?"

"இன்னைக்கு மாமாகிட்ட. பதினோரு மணிக் கஞ்சி பதினொன்னேகாலுக்குத்தான் போச்சு. நேத்து பிள்ளைங்ககிட்ட. சட்டையத் தேய்க்கல. சுருக்கத்தோடயே போனாளுக." டீச்சர் துணியை மடித்துக்கொண்டே பேசினார். "போன வருஷம் சின்னவ ஸ்கூல் விழாவுல ஆடினா. வாரேன்னு சொல்லியிருந்தேன். ஒரு ஓரம் மட்டும் மிச்சமிருந்துச்சு. இத முடிச்சிட்டுப் போவோம்னு உக்காந்துட்டேன். போய்ச் சேந்தா, ஆட்டம் முடிஞ்சு பவுடரெல்லாம் கழுவிட்டு நிக்கா. இன்னும் சொல்லிக் காட்டுவா."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஒன்னும் சொல்ல மாட்டேன். கேட்டுக்கிடுவேன்."

அம்பலவாணன் சுவரில் தொங்கிய போர்வையைப் பார்த்தார்.

"சௌந்தரவல்லி அக்காவுக்குத் திருட வராது சார்" என்றார் டீச்சர். "கேட்டு வாங்கத்தான் தெரியும். கேட்டாங்க. இல்லன்னு யாரும் சொல்லல. குடுக்கவும் இல்ல."

"இப்பக் குடுத்துட்டேனே டீச்சர். முழுசாக் குடுத்துட்டேனே."

டீச்சர் மாமனாருக்கு மருந்து கொடுக்க உள்ளே போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆறாவது துண்டை எடுத்தார். சாம்பல் நீலத்தில் சின்னக் கட்டம் போட்ட துணி. அதன் மூலையில் ஒரு கறை. துவைத்துத் துவைத்து நடு வெளுத்து, ஓரம் மட்டும் பழுப்பாக நின்றிருந்தது. கறையைச் சுற்றி ஒரு பட்டைக்கு நிறம் மங்காமல் இருந்தது. அதன் விளிம்பில் பழைய தையலின் பொடித் துளைகள். பாக்கெட் இருந்த இடம்.

ஊசியைக் கீழே வைத்தார்.

அம்பாசமுத்திரத்தில் ஆற்றங்கரை நிலம் அளக்கும்போது மழை பிடித்துக்கொண்ட நாள் அது. பாக்கெட்டில் பேனா கசிந்து சட்டையில் மசி பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சௌந்தரவல்லி எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து வெகுநேரம் தேய்த்தாள். போகவில்லை. அந்தச் சட்டை பிறகு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவும் இல்லை, தேடவும் இல்லை.

முன்பு தைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மஞ்சளில் சின்னப் பூப்போட்டது கோமதியின் பாவாடை. பச்சை, சௌந்தரவல்லி கோயிலுக்குக் கட்டும் புடவை. பதினைந்து நாளாக இவையெல்லாம் அவர் கையில் இருந்தன. ஸ்கேல் இல்லாமல் கால் இஞ்ச் விடுவது எப்படி என்று மட்டும்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அந்தப் பை யாரோடது?"

"அக்காவோடது சார்."

"எப்பக் குடுத்தா?"

"உங்க பொண்ணு கல்யாணம் முடிஞ்ச மறு சனிக்கிழமை. இருநூறு துண்டுக்கு மேல இருக்கும். எல்லாம் அளவா வெட்டி, கட்டுக்கட்டா நூல் போட்டு வச்சிருந்தாங்க. புதுசாப் பழக வாரவங்களுக்குக் குடுங்க டீச்சர்னு சொல்லிட்டு, காபிகூடக் குடிக்காமப் போயிட்டாங்க. நான் யாருக்கும் குடுக்கல."

"எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"உங்க சட்டைய நான் எதுக்கு சார் உங்களுக்குச் சொல்லணும்?"

அம்பலவாணன் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த மூன்று நாள் வரவில்லை.

முதல் இரண்டு நாள் வீட்டிலேயே இருந்து சௌந்தரவல்லியைப் பார்த்தார். அவள் வார இதழ் ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பால்காரர் மணி அடித்தார், எழுந்தாள். அடுப்பில் ஏதோ பொங்குகிற சத்தம், எழுந்தாள். பக்கத்து வீட்டில் போன் அடித்தது, அதற்கும் பாதி எழுந்து உட்கார்ந்தாள். ஒரு பக்கம் படிப்பதற்குள் நான்கு தடவை. இத்தனைக்கும் அவர் ஒரு வார்த்தை கூப்பிடவில்லை.

மறுநாள் அவளை மாடிக்கு அழைத்துப் போனார். மோர்மிளகாயைத் தானே தட்டில் அள்ளி மொட்டைமாடியில் வைத்தார். மேஜையைத் துடைத்தார்.

"நீ இங்க உக்காரு. கீழ எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன். யாரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க."

"என்ன திடீர்னு?"

"சும்மா உக்காரேன்."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். அவர் கீழே வந்து போனைச் சத்தமில்லாமல் வைத்தார். வாசல் கதவைச் சாத்தினார். அரைமணி ஆகியிருக்கும். மாடிப்படியில் காலடி கேட்டது.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லையே."

"கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

போனாள். கால் மணியில் மறுபடி வந்தாள்.

"இப்பக் கூப்பிட்டீங்கதானே?"

"இல்ல சௌந்தரம்."

படியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு மேலே போகவில்லை. சமையலறையில் போய், சின்ன வெங்காயத்தை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள். அம்பலவாணன் எதிரே உட்கார்ந்து அவரும் இரண்டு வெங்காயம் உரித்தார். அவருக்குக் கண் கலங்கியது. வெங்காயம் என்று அவள் நினைத்திருப்பாள்.

அடுத்த நாள் டீச்சர் வீட்டுக்குப் போனார். டீச்சர் எதுவும் கேட்காமல் மடித்து வைத்த துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் சட்டைத் துண்டை மஞ்சள் துண்டோடு சேர்த்துப் பிடித்துத் தைக்க ஆரம்பித்தார். பாதி போயிருப்பார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சார், மோட்டார அணைச்சிருங்க. தொட்டி நிறைஞ்சிரும்."

ஊசி துணிக்குள் பாதி இறங்கியிருந்தது.

"இந்த வரிசைய முடிச்சிட்டு வாரேன் டீச்சர்" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. கையை நிறுத்தவில்லை. தொட்டி நிறைந்து மேலிருந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சர் தானே வந்து மோட்டாரை அணைத்துவிட்டு, நனைந்த காலோடு உள்ளே போனார். அம்பலவாணன் வரிசையை முடித்து முடிச்சுப் போட்டார். சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் நாள் ஒன்பது துண்டும் சேர்ந்து ஒரு கட்டமாயிற்று. டீச்சர் அதைத் தேய்த்துக் கொடுத்தார்.

"வாங்க சார், போவோம்" என்றார்.

மாமனாரைப் பக்கத்து வீட்டம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவரோடு வந்தார்.

"டீச்சர்!" என்று சௌந்தரவல்லி வாசலுக்கே ஓடி வந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எத்தனை வருஷமாச்சு! எங்க இந்தப் பக்கம்?"

டீச்சர் உட்கார்ந்து, பையிலிருந்து கட்டத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"சார் தைச்சது."

சௌந்தரவல்லி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். பிறகு துணியை எடுத்தாள். தெரிந்தவர்கள் பார்ப்பதுபோல முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பினாள். ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டினாள். அப்புறம் முன்பக்கம்.

"கோமதி பாவாடை" என்றாள். "இது அம்பாசமுத்திரச் சட்டை."

"ஆமா" என்றார்.

"எத்தனை நாளாச்சு?"

"இருபத்திரெண்டு."

"நீங்க லைப்ரரிக்குப் போறீங்கன்னுல்லா நினைச்சேன்."

மறுபடி பின்பக்கத்தைத் திருப்பினாள். ஒரு தையலில் அவள் விரல் நின்றது.

"பக்கத்துல உள்ளதெல்லாம் நின்னு நின்னு போயிருக்கு. இந்த ஒரு வரிசை மட்டும் ஒரே ஓட்டமாப் போயிருக்கு."

"டீச்சர் வீட்டுல நடுநடுவே கூப்பிடுவாங்க."

"போனீங்களா?"

"போனேன்."

"இதுக்கு?"

"இதுக்குப் போகல. இந்த வரிசைய முடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டேன்."

சௌந்தரவல்லி அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிச் சொல்லலாமா?" என்றாள்.

குத்திக் காட்டுகிறாள் என்று முதலில் நினைத்தார். முகத்தைப் பார்த்தபோது அப்படித் தெரியவில்லை. தெரியாத ஊரில் வழி கேட்பதுபோல நிஜமாகவே கேட்டாள்.

"சௌந்தரம், நான்தான் உன்ன..."

அவள் கையை லேசாக உயர்த்தினாள். அவர் நிறுத்திக்கொண்டார். அவள் பேசியது அவரிடம் இல்லை.

"நான் எல்லாத்துக்கும் போனேன் டீச்சர். ஒரு தடவகூட இப்படிச் சொன்னதில்ல. சொல்லியிருந்தா இவுக திட்டியிருக்க மாட்டாக. அது எனக்கு அப்பவே தெரியும். ஆனாலும் போனேன்."

வெளியே கேட் காற்றில் ஆடிக் கிறீச்சிட்டது. அவள் உடம்பு தானாக எழுந்தது. டீச்சர் அவள் முழங்காலில் கையை வைத்தார். உட்கார்ந்தாள்.

"ஒன்னு கேக்கேன் டீச்சர். நான் போகாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

டீச்சர் பெரிதாக ஏதாவது சொல்லமாட்டாரா என்று அம்பலவாணன் ஏங்கினார். குடும்பமே நிலைகுலைந்திருக்கும், பிள்ளை ஏங்கிப் போயிருக்கும், இந்த மனுஷரால் ஒரு நாளும் வேலைக்குப் போயிருக்க முடியாது என்று ஏதாவது.

"சோறு கொஞ்சம் குழைஞ்சிருக்கும் அக்கா" என்றார் எஸ்தர் டீச்சர்.